கொள்ளுப்பாட்டியின் பீர்

'பீர்ஃபெஸ்ட்' படம் தொடங்கும்போதே திரையில் ஓர் எச்சரிக்கை வருகிறது. இந்தப் படத்தில் குடிக்கிற அளவுக்கு நீங்களும் குடித்துப் பார்த்தால் செத்துப்போவீர்கள் என்பது அதன் சாரம். படம் எடுத்தவர்கள் அதையே தங்கள் முதல் நகைச்சுவையாக வைத்திருக்கிறார்கள். எனக்கு அது நகைச்சுவையாக மட்டும் படவில்லை. குடியால் ஒரு சித்தப்பாவைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து வருகிறேன். குடிப் போட்டியை நடுவில் வைத்த ஒரு படத்தை உட்கார்ந்து பார்க்கலாமா என்ற தயக்கம் ரொம்ப நாள் இருந்தது. பார்த்து முடித்த பிறகு வேறு விதமான ஆதங்கம் வந்தது. 2006-இல் வந்த படம். இயக்கியவர் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை. உள்ளே இருப்பது பரம்பரைச் சொத்து, பங்காளிச் சண்டை, ஒரு கிழவியின் மானம். இத்தனை இருந்தும், தமிழில் இதைப் பற்றி நாலு வரிக்கு மேல் யாரும் எழுதி நான் படித்ததில்லை.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இது பச்சையான படம். அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ் பெற்றது. கெட்ட வார்த்தை, நிர்வாணம், வாந்தி, தவளையை வைத்துச் செய்கிற ஓர் ஆராய்ச்சிக்கூட அசிங்கம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அந்தப் பச்சைத்தனம்தான் இந்தக் கதையைச் சொல்ல முடிகிற ஒரே வழி என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கதை ஒரு சாவில் தொடங்குகிறது. கொலராடோவில் ஜெர்மானிய பாணி மதுவிடுதி ஒன்றை நடத்திவந்த தாத்தா யோஹான் இறந்துபோகிறார். டொனால்ட் சதர்லாண்ட் கொஞ்ச நேரமே வந்துபோகும் வேடம் அது. குடும்ப வழக்கப்படி அவருடைய அஸ்தியை மியூனிக் நகரத்து அக்டோபர்ஃபெஸ்ட் திருவிழாவுக்குக் கொண்டுபோக வேண்டும். பேரன்கள் யான், டாட் இருவரும் கலசத்தோடு கிளம்புகிறார்கள். அஸ்தியோடு ராமேஸ்வரத்துக்கு ரயிலேறுகிற குடும்பங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தப் பயணம் அந்நியமாகத் தோன்றாது. துக்கத்துக்கு நடுவே கேலியும் கிண்டலும் வருவதும் அப்படித்தான். கல்யாணச் சாவு என்று சொல்லி, பேரன் பேத்திகள் ஆடிப்பாடி அனுப்பிவைக்கிற வழக்கம் உள்ள ஊர் நம்முடையது.

மியூனிக்கில் அவர்களுக்கு ஒரு ரகசிய இடத்துக்கு வழி கிடைக்கிறது. உலக நாடுகளின் அணிகள் ஒளிந்து கூடிக் குடித்துப் போட்டி போடுகிற அரங்கம் அது. நடத்துகிறவர்கள் வான் வொல்ஃப்ஹவுசன் என்ற பிரபுக் குடும்பத்தார். இந்தச் சகோதரர்களின் குடும்பப் பெயர் வொல்ஃப்ஹவுஸ். ஆக, பங்காளிகள். 'அட, நாம் சொந்தக்காரர்கள்!' என்று இவர்கள் கையை நீட்டுகிறார்கள். கிடைக்கிற பதில் என்ன? உங்கள் தாத்தா எங்கள் குடும்பத்து ஆள் கிடையாது, குதிரை லாயத்து வேலைக்காரப் பையன். உலகத்திலேயே சிறந்த பீரின் செய்முறையைத் திருடிக்கொண்டு ஓடியவன். அவனைப் பெற்றவள் ஒரு வேசி.

பிறகு அங்கேயே ஒரு குடிப் போட்டி நடக்கிறது. சகோதரர்கள் படுதோல்வி அடைந்து, தாத்தாவின் பெயரும் கெட்டு, ஊர் திரும்புகிறார்கள். ஒரு வருடத்தில் அணி சேர்த்துக்கொண்டு திரும்பிப்போய்ப் பழி தீர்ப்பது மிச்சக் கதை. கடைசியில் பந்தயமாக வைக்கப்படுவது ஒரு பக்கம் இவர்களுடைய செய்முறை, இன்னொரு பக்கம் அவர்களுடைய பீர் ஆலை. யார் ஜெயிக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த மூன்றாவது வசவு. ஒழுக்கமான குடும்பப் படமாக இருந்தால் என்ன நடந்திருக்கும்? இறுதிக் காட்சிக்கு முன்னால் ஒரு பழைய கடிதம் கிடைக்கும், அல்லது சாகக்கிடக்கிற சாட்சி ஒருவர் உண்மையைச் சொல்வார். பாட்டி உத்தமி என்பது நிரூபணமாகும். பேரன்கள் காலில் விழுவார்கள், பார்க்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தமிழில் எத்தனை படங்களில் இதைப் பார்த்திருக்கிறோம்! 'பீர்ஃபெஸ்ட்' அந்தப் பழியைப் பொய்யென்று காட்டப் பாடுபடவே இல்லை. கொள்ளுப்பாட்டி பிழைப்புக்காக அந்தத் தொழில் செய்தவள். சரி, அதனால் என்ன? அவள் இந்த வீட்டுக் கிழவி. அவளைப் பற்றிப் பேசியவன் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் கற்பைக் காப்பாற்ற யாரும் கிளம்பவில்லை, அவளைக் காப்பாற்றத்தான் கிளம்புகிறார்கள்.

இந்த இடத்துக்குக் கண்ணியமான படத்தால் வந்து சேர முடியாது. ஏனென்றால் கண்ணியம் என்பதே சிலரை வெளியே நிறுத்திவைத்துக் கட்டப்படுவது. கொச்சையான நகைச்சுவைக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதற்கு எல்லாருமே உடம்போடு பிறந்தவர்கள். பிரபுவுக்கும் வயிறு உப்பும், வேசிக்கும் பேரன் இருப்பான். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ராஜாவின் படுக்கையறை வரை பேசுவானே, அந்த உரிமை இது. மேலே இருக்கிறவனைக் கீழே இறக்க ஏழைகள் கையில் இருந்த பழைய ஆயுதம்.

அந்தக் கொள்ளுப்பாட்டியாக நடித்தவர் குளோரிஸ் லீச்மன். 1926-இல் பிறந்தவர், படம் வந்தபோது 80 வயது. 1971-இல் வந்த படம் ஒன்றுக்காகத் துணைநடிகைக்கான ஆஸ்கர் விருது வாங்கியவர். அந்த வயதில், அந்தப் பெயரோடு, இந்தப் படத்தில் ஒரு காரியம் செய்கிறார். சமையலறையில் ஒரு நீண்ட சாசேஜைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பண்ணுவதை இங்கே விவரிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அவர் முகத்தைப் பாருங்கள். கூச்சம் இல்லை, கண்ணைச் சிமிட்டி நம்மிடம் அனுமதி கேட்பதும் இல்லை. ஒரு கிழவி தன் இளமையை நினைத்துப்பார்க்கிறாள், கை தன்போக்கில் பழைய பழக்கத்துக்குப் போகிறது. சிரிப்பு வருகிற அதே நொடியில் இவள் ஒரு வாழ்க்கை வாழ்ந்திருக்கிறாள் என்பதும் நமக்கு உறைக்கிறது. நம் படங்களில் பாட்டிகளுக்கு இளமையே இருந்ததில்லை, நரையோடு பிறந்தவர்களாகத்தான் வருவார்கள். லீச்மன் 2021 ஜனவரியில் காலமானார். அவரைப் பற்றி எழுதும்போது ஆஸ்கர் படத்தோடு இந்தச் சாசேஜையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. ஒரே நடிகையின் இரண்டு துணிச்சல்கள் அவை.

அப்புறம் பேரி பத்ரிநாத்.

அணிக்கு ஆள் சேர்க்கும்போது சகோதரர்கள் கல்லூரிக் காலத்து நண்பர்களைத் தேடிப் போகிறார்கள். ஒருவன் லேண்ட்ஃபில், எவ்வளவு ஊற்றினாலும் கொள்கிற வயிறுக்காரன். இன்னொருவன் ஃபிங்க், யூத விஞ்ஞானி. மூன்றாமவன் பேரி பத்ரிநாத். மேசையில் காசைத் தட்டிக் கோப்பைக்குள் விழவைக்கும் ஆட்டத்திலும், பீர்க் கோப்பைக்குள் பந்தெறிகிற பீர் பாங் ஆட்டத்திலும் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்ற காலம் போய், இப்போது தெருவில் நின்று உடம்பை விற்றுப் பிழைக்கிறான். அந்த வேடத்தில் நடித்தவர்தான் இயக்குநர் ஜெய் சந்திரசேகர்.

ஜெய் 1968-இல் சிகாகோவில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் மருத்துவர்கள், தமிழர்கள். 1965-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்த பிறகு அமெரிக்காவுக்குப் போன இந்திய மருத்துவர்கள், பொறியாளர்களின் பிள்ளைகளிடம் என்ன எதிர்பார்க்கப்பட்டது என்பது நமக்குத் தெரிந்த கதை. ஜெய் நியூயார்க் மாநிலத்துக் கோல்கேட் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு நாடகக் குழு தொடங்கினார். கெவின் ஹெஃபர்னன், ஸ்டீவ் லெமி, பால் சோட்டர், எரிக் ஸ்டோல்ஹான்ஸ்கி ஆகிய நால்வரும் அவருமாக 'புரோக்கன் லிசர்ட்' என்ற குழு உருவானது. 'பீர்ஃபெஸ்ட்' அணியின் ஐந்து பேரும் இந்த ஐந்து பேர்தான். கதையும் ஐவரும் சேர்ந்து எழுதியது.

இவர்களுக்குப் பெயர் வாங்கித்தந்தது 2001-இல் வந்த 'சூப்பர் ட்ரூப்பர்ஸ்'. வெர்மான்ட் மாநிலத்து நெடுஞ்சாலைப் போலீஸ்காரர்களைப் பற்றிய படம். அதில் ஜெய் நடித்த பாத்திரத்தின் முழுப்பெயர் ஆற்காட் ராமத்தோர்ன். ஆம், நம் ஆற்காடேதான். வெர்மான்ட் போலீஸ்காரன் ஒருவனுக்கு ஆற்காட்டின் பெயரை வைத்து, அதற்கு எந்த விளக்கமும் கொடுக்காமல் போய்க்கொண்டே இருக்கிறார்கள். முதல் தடவை அந்தப் பெயரைக் கேட்டபோது படத்தை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

அந்தக் காலத்து அமெரிக்கத் திரையில் இந்திய முகத்துக்கு என்ன இடம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அங்கே மிகப் பிரபலமான கார்ட்டூன் தொடர் ஒன்றில் 1990 முதல் பலசரக்குக் கடைக்காரராக ஓர் இந்தியர் வந்துகொண்டிருந்தார். உச்சரிப்பே சிரிப்பு. குரல் கொடுத்தவர் வெள்ளைக்காரர், 2020-இல்தான் விலகிக்கொண்டார். மற்றபடி டாக்டர், டாக்சி ஓட்டுநர், கணினிப் பையன். இந்த வரிசையில் பேரி பத்ரிநாத்தை வைத்துப் பாருங்கள். அவனுடைய உச்சரிப்பு சாதாரண அமெரிக்க உச்சரிப்பு. அவன் நிறத்தை வைத்துக் கதை நகரவில்லை. அவன் ஒரு முன்னாள் சாம்பியன், தோற்றுப்போனவன், குடிகாரன், தெருவுக்கு வந்தவன். டாக்டர் வீட்டுப் பிள்ளை தனக்காக எழுதிக்கொண்ட வேடம் இது. நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற சுமையைக் கழற்றிப்போட்ட பிறகுதான் ஒரு நடிகனுக்கு இப்படிப்பட்ட வேடம் வாய்க்கும். வெளிநாட்டுத் தமிழர்களின் சாதனைப் பட்டியல்களில் நிறுவனத் தலைவர்களையும் விஞ்ஞானிகளையும் வரிசைப்படுத்துகிறோம். ஜெய் சந்திரசேகர் பெயரும் அங்கே வர வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கொள்ளுப்பாட்டி பழைய காலத்து வேசி, பேரி இன்றைய தெருவில் அதே தொழில் செய்கிறவன். ஒருத்தி குடும்பத்தின் வேர். இன்னொருவன் சொந்தமே இல்லாதவன், மேசையில் வந்து உட்கார்ந்தவன். இந்த வீட்டில் இருவருக்கும் ஒரே மரியாதை. ரத்த சம்பந்தம் உள்ள ஜெர்மானியப் பங்காளிகள் 'நீ எங்கள் ஆள் இல்லை' என்கிறார்கள். எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு யூதனும் ஓர் இந்தியனும் ஒரு சாப்பாட்டு ராமனும் இந்தக் குடும்பத்துக்காக ஒரு வருடத்தைக் கொடுக்கிறார்கள். பயிற்சி என்ற பேரில் கிடாவின் மூத்திரம் வரைக்கும் குடிக்கிறார்கள். சிரிக்கவைக்கத்தான் அந்தக் காட்சி. ஆனால் அப்படியொன்றை நமக்காகச் செய்ய எத்தனை சொந்தக்காரர்கள் முன்வருவார்கள் என்று யோசித்தேன்.

கடைசிப் போட்டியின் ஆயுதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பூட்ஸ் வடிவில் செய்த ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை. ஜெர்மானிய மதுவிடுதிகளில் உண்மையிலேயே இருக்கிற பாத்திரம்தான். மேசையைச் சுற்றிக் கைமாற்றிக் கைமாற்றிக் குடிப்பார்கள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பூட்ஸின் விரல் பகுதி மேலே பார்த்தபடி இருக்க, வாயில் வைத்துச் சாய்த்துக்கொண்டே போனால், ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் வரும். மட்டம் கணுக்கால் வளைவைத் தாண்டுகிற கட்டத்தில் சிக்கல். விரல் பகுதிக்குள் நிற்கிற பீருக்கு மேலே காற்று போக வழியில்லை, அதனால் அது அங்கேயே தங்கியிருக்கும். வளைவு வழியாகத் திடீரென்று காற்று உள்ளே பாய்ந்ததும் பெரிய குமிழி 'குபுக்'கென்று மேலேறும். அங்கே தேங்கியிருந்த பீர் முழுக்க ஒரே அலையாக முகத்தில் அடிக்கும். சட்டை நனைந்து, மூக்கில் ஏறி, போட்டியும் போச்சு. விஷயம் தெரிந்தவர்கள் குடிக்கக் குடிக்கப் பூட்ஸைப் பக்கவாட்டில் திருப்புவார்கள். விரல் பகுதி பக்கமாகப் பார்த்தால் காற்று கொஞ்சம் கொஞ்சமாக நுழையும், அலை வராது. மணிக்கட்டு அசைகிற அந்தச் சின்ன அசைவில்தான் இந்தப் படத்தின் உச்சகட்டம் முழுவதும் நிற்கிறது. முதல் தடவை இவர்களைக் கவிழ்ப்பது குமிழிதான். கண்ணாடி வழியே கேமரா அந்தக் குமிழியைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எதிரணியின் தலைவரான பிரபுவாக வருகிறவர் யூர்கன் ப்ரோக்னோ. 1981-இல் வந்த புகழ்பெற்ற ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் படத்தில் தளபதியாக நடித்தவர். அந்தப் படத்தின் பெயரும் இந்தக் குடுவைக்குப் படத்தில் வைத்திருக்கிற பெயரும் ஒன்றுதான்: 'தாஸ் பூட்'. ஜெர்மன் மொழியில் அது படகு, ஆங்கிலக் காதுக்குப் பூட்ஸ். தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தத் திருட்டுப் பழிக்கு வருவோம். இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஏனென்றால் நிஜ வரலாறு படத்தை விட வேடிக்கையானது.

பவேரியாவில் 1516-இல் போடப்பட்ட தூய்மைச் சட்டம் பீருக்குள் பார்லி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, தண்ணீர் தவிர வேறெதுவும் சேரக்கூடாது என்றது. பீரைப் புளிக்கவைக்கிற ஈஸ்ட் பற்றி அதில் பேச்சே இல்லை. மூன்றே பொருள் என்றால் அதில் ரகசியச் செய்முறைக்கு எங்கே இடம்? பார்லியை எந்தச் சூட்டில் வறுப்பது, எவ்வளவு நாள் குளிரில் வைப்பது, தண்ணீர் எந்த ஊருடையது, எல்லாவற்றுக்கும் மேலாக எந்த ஈஸ்ட் என்பதில்தான் வித்தை முழுக்க இருக்கிறது. ஆலைக்கு ஆலை ஈஸ்ட் வேறு. வீட்டுக்கு வீடு மோர் உறை மாறுகிற மாதிரி.

மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையின் வாரிசு கேப்ரியல் செட்ல்மைர், வியன்னாவின் ஆன்டன் ட்ரெஹர் என்ற நண்பரோடு 1833-இல் பிரிட்டன் போனார். ஆலைகளைச் சுற்றிப் பார்க்க வந்த விருந்தாளிகளாகத்தான் உள்ளே போனார்கள். கையில் இருந்த கைத்தடி உள்ளே துளையிட்டது, நுனியில் வால்வு வைத்தது. தொட்டியில் முக்கி எடுத்தால் பீர் தடிக்குள் ஏறிக்கொள்ளும். அறைக்குத் திரும்பி அதை அளந்து பார்த்து எழுதிவைத்துக்கொள்வார்கள். இப்படித் திரட்டிய அறிவும் மியூனிக்கிலும் வியன்னாவிலும் உருவான புதுவகை பீருக்குப் பின்னால் இருக்கிறது. சில வருடம் கழித்து, 1845-இல், கோபன்ஹேகனின் யாக்கப்சன் அதே ஸ்பாட்டன் ஆலையிலிருந்து ஈஸ்ட்டை வாங்கிக்கொண்டு குதிரை வண்டியில் ஊர் திரும்பினார். வண்டி நிற்கிற இடமெல்லாம் இறங்கி, ஈஸ்ட் பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிச் சாகாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்று சொல்வார்கள். அவர் தொடங்கியதுதான் கார்ல்ஸ்பெர்க். ஆக, மியூனிக் பிரபு ஒருவர் எழுந்து நின்று 'உங்கள் தாத்தா எங்கள் செய்முறையைத் திருடினான்' என்று சொல்லும்போது, பீர் வரலாறு கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு அந்த வசனம் இரட்டிப்பாக ருசிக்கும். படத்தில் செய்முறை ஒளிந்திருந்தது ஒரு பொம்மைக்குள். கைத்தடிக்கும் பொம்மைக்கும் பெரிய தூரம் இல்லை.

கதைக்களம் கொலராடோ என்பதும் பொருத்தம். 1873-இல் கோல்டன் என்ற ஊரில் அடால்ஃப் கூர்ஸ் என்ற ஜெர்மானியர் தொடங்கிய ஆலை அந்த மாநிலத்தின் அடையாளம். கப்பலில் சீட்டில்லாமல் ஒளிந்து அமெரிக்கா வந்து சேர்ந்த அநாதைப் பையன் அவர். லாயத்துப் பையன் யோஹானின் கதை வானத்திலிருந்து குதித்ததல்ல. 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கு அமெரிக்காவின் சின்னச் சின்னக் குடும்ப ஆலைகளைத் துடைத்தெடுத்தது. மதுவிலக்கு போன பிறகும், ஒரு மதுவிடுதி தன் பீரைத் தானே காய்ச்சி விற்கச் சட்டம் பெரும்பாலும் இடம் கொடுக்கவில்லை. 1980-களில்தான் மாநிலம் மாநிலமாக அந்த வழி திறந்தது. டென்வரில் 1988-இல் தொடங்கிய அப்படிப்பட்ட ஒரு மதுவிடுதியின் நிறுவனர்களில் ஒருவர் ஜான் ஹிக்கன்லூப்பர். பிற்பாடு அவர் டென்வர் மேயர் ஆனார், மாநில ஆளுநர் ஆனார், இப்போது செனட்டர். பீர்க்கடைக்காரரை ஆளுநர் நாற்காலி வரை அனுப்பிய ஊரில், குடும்ப மதுவிடுதி ஒன்று தன் பாட்டியின் பீரைக் காய்ச்சி எழுந்து நிற்பது நம்பக்கூடிய கதைதான்.

நம்ப முடியாதது மற்ற பாதி. படத்தில் குடும்பம் தன் ஆலையை மீட்டுக்கொள்கிறது. நிஜத்தில் குடும்பங்கள் தோற்றுக்கொண்டே இருந்தன. கூர்ஸ் 2005-இல் கனடாவின் மோல்சனோடு இணைந்தது. 'பீர்ஃபெஸ்ட்' வந்து இரண்டே வருடத்தில், 2008-இல், அமெரிக்காவின் மிகப்பெரிய பீர்க் குடும்பமான புஷ் குடும்பத்தின் நிறுவனத்தை இன்பெவ் என்ற பெல்ஜியத்துப் பீர்ப் பெருநிறுவனம் சுமார் 5,200 கோடி டாலருக்கு வாங்கியது. தலைமை நாற்காலியில் அப்போது உட்கார்ந்திருந்தவர் அந்தக் குடும்பத்தின் வாரிசுதான். அவரால் தடுக்க முடியவில்லை. மியூனிக்கிலும் இதே நிலைமை. அக்டோபர்ஃபெஸ்டில் பீர் ஊற்ற அந்நகரத்தின் ஆறு ஆலைகளுக்கு மட்டுமே உரிமை. அந்த ஆறில் ஸ்பாட்டனும் லோவன்பிராவும் இன்று அதே இன்பெவின் வாரிசு நிறுவனத்திடம் இருக்கின்றன. ஹோஃப்பிராவ் பவேரிய அரசுடையது. அகஸ்டினர் மட்டும் பெருநிறுவனங்களிடம் சிக்காமல், பெரும்பங்கு ஓர் அறக்கட்டளையின் கையில் இருக்க, தனித்து நிற்கிறது. தலைமுறை தலைமுறையாக ஆலையைக் கட்டிக்காக்கிற பிரபுவும் அங்கே இல்லை, அவரோடு மோத அட்லாண்டிக்கைத் தாண்டி வருகிற பங்காளியும் இல்லை. பங்குகளின் எண்ணிக்கைதான் பேசுகிறது. பூட்ஸில் குடித்து ஆலையை ஜெயிக்கிற பைத்தியக்காரக் கற்பனைக்கு ஏன் மனம் ஏங்குகிறது என்பது இதைப் படித்த பிறகு எனக்குப் புரிந்தது.

படத்தின் குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. பெண்கள் விஷயத்தில் இது மோசம். லீச்மன் ஒருவரைத் தவிர மற்ற பெண்களெல்லாம் கூட்டத்தில் சட்டையைக் கழற்றுகிறவர்கள், அல்லது பயமுறுத்துகிறவர்கள். நடிகை மோனிக் போன்ற திறமைசாலியை அழைத்துவந்து, அவர் உடம்பையே சிரிப்பாக்கியிருக்கிறார்கள். அதில் கட்டியங்காரனின் உரிமை எதுவும் இல்லை, கீழே இருப்பவளை மறுபடி மிதிப்பதுதான் இருக்கிறது. ஒரு கிழவியின் உடம்புக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்தவர்கள் இளம்பெண்களின் உடம்புக்குக் கொடுக்கத் தவறியது எனக்கு வருத்தம். நீளமும் அதிகம். இருபது நிமிடத்தை வெட்டியிருந்தால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

குடியின் விலையைப் பற்றியும் படம் அதிகம் பேசுவதில்லை. லேண்ட்ஃபில் பீர்த் தொட்டிக்குள் மூழ்கிச் செத்துப்போகிறான். அணி உடைகிறது. அடுத்து அவனுடைய இரட்டைப் பிறவி கில் வந்து நிற்கிறான், என்னையும் லேண்ட்ஃபில் என்றே கூப்பிடுங்கள் என்கிறான். இரட்டை வேடத்தில் ஊறிய தமிழ்ப் பார்வையாளருக்கு இது சொந்த வீட்டுத் தந்திரம், நானும் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் குடியால் போனவர்களுக்கு அப்படி மாற்று ஆள் வருவதில்லை. சித்தப்பாவின் நாற்காலி எங்கள் வீட்டில் காலியாகத்தான் இருக்கிறது. படம் அந்த உண்மையைத் தொடுகிற ஒரே இடம் பேரி. தெருவோரத்தில் அவனைக் கண்டுபிடிக்கிற காட்சியில் ஜெய் முகத்தில் ஒரு சோர்வு இருக்கிறது. மேக்கப் போட்டு வரவழைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. தன்னைத் தேடி யாரும் வருவார்கள் என்று அவன் எதிர்பார்த்திருக்கவில்லை. அந்தக் காட்சியை இன்னும் இரண்டு நிமிடம் நீட்டி, கூட்டக் காட்சிகளைக் குறைத்திருக்கலாம்.

ஐந்து பேரும் இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். 'சூப்பர் ட்ரூப்பர்ஸ்' இரண்டாம் பாகத்துக்கு ரசிகர்களிடமே பணம் திரட்டினார்கள். இலக்கு 20 லட்சம் டாலர். 40 லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது. 2018-இல் படம் வந்தது. கல்லூரியில் சேர்ந்த ஐவர் முப்பது வருடம் கழித்தும் சண்டை போட்டுப் பிரியாமல் சேர்ந்து எழுதி நடிப்பது சினிமா உலகில் அபூர்வம். மதுவிடுதி மேசையைச் சுற்றிய அந்த நெருக்கம் நடிப்பில் வந்ததல்ல என்று நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள். கல்லூரி நண்பர்களோ ஒத்த வயது அத்தை பிள்ளை, மாமன் பிள்ளைகளோ கூட இருந்தால் நல்லது. முதல் அரை மணி நேரம் பிடிக்காவிட்டாலும் பேரி வருகிற வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். சாசேஜ் காட்சி அதற்கும் அப்புறம்.